திருவாதிரை மங்கிய மார்கழி

(நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும், முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளுக்கும் வணக்கம்.

புதிதாகப் பிடித்துக்கொள்ளும் மோகங்கள், வாழ்க்கை தரும் ஆச்சரியங்கள், மாறிக்கொண்டே இருக்கும் மனநிலை. இவற்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்றையும் எனக்குக் கற்றுக்கொடுத்தவை நட்சத்திரங்கள். அதிலும் ஒரே சீராக ஒளிராமல் கூடியும் குறைந்தும் ஒளிரும் மாறும் விண்மீன்கள். ஆகவே அவற்றைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் மோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தாலும் ஒரு கீபோர்டு இருக்கும், காய்ந்துபோன பெயின்ட் டியூப் இருக்கும், பாதியில் நின்ற குரோஷா பின்னல் இருக்கும். "எதையாவது உருப்படியா முடிச்சிருக்கியா?" என்று வீட்டில் கேட்பார்கள். ஆசை தணிந்ததைக் குணக்கேடு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒன்றைப் பார்த்தாயிற்று, தெரிந்துகொண்டாயிற்று, இனி அதில் புதிதாக என்ன என்று தோன்றும் நாளில் ஆசை தணிகிறது. அப்படியானால், பார்த்து முடிக்கவே முடியாத ஒன்றின் மேல் ஆசை வைத்தால் என்ன ஆகும்? ஐம்பது வயதுக்குமேல் எனக்கு அது நேர்ந்தது.

2019 டிசம்பர் 26-ஐ உங்களில் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். கங்கண சூரிய கிரகணம். கோவை, கரூர், திண்டுக்கல், சிவகங்கை என்று அதன் பாதை நம் ஊர்கள் வழியாகவே போயிற்று. திண்டுக்கல்லில் தங்கை வீட்டு மொட்டை மாடியில் அந்த நெருப்பு வளையத்தைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு வானத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி அன்று மாலை சொன்னாள்: "மாமா, சூரியனைத்தான் எல்லாரும் பார்த்தாங்க. ராத்திரி திருவாதிரையைப் பாருங்க. அது மங்கிக்கிட்டே வருது."

திருவாதிரை என்றால் எனக்குக் களி தெரியும், ஆருத்ரா தரிசனம் தெரியும், சிதம்பரம் தெரியும். வானத்தில் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவள்தான் காட்டினாள். கிழக்கே மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும், அது ஓரியன் என்ற வேட்டைக்காரத் தொகுதியின் இடுப்புக் கச்சை. அதற்கு ஒரு பக்கம் சிவப்பாக இருப்பது திருவாதிரை, அவனுடைய ஒரு தோள். வானின் பத்துப் பிரகாசமான நட்சத்திரங்களில் ஒன்றாக எண்ணப்படும் அது, அன்று தன் தகுதிக்கு இல்லாமல் சோர்ந்திருந்தது.

விண்மீன்களின் ஒளியை எண்ணால் குறிப்பார்கள். எண் கூடினால் ஒளி குறைவு. வழக்கமாக 0.5-ஐ ஒட்டி நிற்கும் திருவாதிரை 2020 பிப்ரவரியில் 1.6 வரை இறங்கிவிட்டது. அதாவது ஒளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் கினனும், அவரோடு பல ஆண்டுகளாக இந்த நட்சத்திரத்தை அளந்துவந்த அமெச்சூர் வானியலாளர் ரிச்சர்ட் வாசடோனிக்கும் டிசம்பரிலேயே இதை உலகுக்குச் சொல்லியிருந்தார்கள். வெடித்துவிடுமோ என்றுகூடப் பேச்சு எழுந்தது. வெடிக்கவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பழைய ஒளிக்குத் திரும்பிவிட்டது. சிலியிலுள்ள பெரிய தொலைநோக்கி எடுத்த படத்தில் நட்சத்திரத்தின் தென்பாதி மட்டும் இருண்டு கிடந்தது. தன் உடம்பிலிருந்து தானே வீசியெறிந்த வாயு குளிர்ந்து தூசியாகி, அந்தத் தூசியே முகத்தை மறைத்திருக்கிறது என்று பின்னர் ஆய்ந்து சொன்னார்கள். 500 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் நடந்த ஒன்றை, வெறுங்கண்ணால் நம் மாடியிலிருந்து கவனித்திருக்கிறோம் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது.

எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். கருவி எதுவும் வேண்டாம். மங்குகிற நட்சத்திரத்தைவிடப் பிரகாசமான ஒன்றையும், மங்கலான ஒன்றையும் தேர்ந்துகொள்ள வேண்டும். திருவாதிரைக்கு அருகே ரோகிணி இருக்கிறது, 0.9. புனர்பூசத்தில் பொல்லக்ஸ் இருக்கிறது, 1.1. வேட்டைக்காரனின் மறுதோளில் பெல்லாட்ரிக்ஸ், 1.6. ரோகிணிக்கும் பெல்லாட்ரிக்ஸுக்கும் நடுவே இது எங்கே நிற்கிறது? சரிபாதியிலா, கால்வாசி தூரத்திலா? மனதுக்குள் ஒரு கோடு போட்டு எண்ணை எழுத வேண்டும். சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது; பார்க்கப் பார்க்கக் கூடுதல் ஒளியோடு தோன்றும். சட்டென்று ஒரு பார்வை, கண்ணை எடு, அடுத்த நட்சத்திரம்.

அனுபவசாலிகள் சொல்லிக்கொடுக்கும் இன்னொரு விதி உண்டு. மாடியேறும் முன் பழைய குறிப்பைப் புரட்டாதே. நேற்று என்ன எழுதினாய், மற்றவர்கள் என்ன எழுதினார்கள் என்று பார்த்துவிட்டுப் போனால் கண் அதற்கே ஒத்து ஊதும். இந்த விதி என்னை மாடியோடு விடவில்லை. காலையில் மகன் முகம் கொடுத்துப் பேசாவிட்டால், சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழையும்போதே நான் காலைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன். அவன் தெளிவாக வந்திருப்பான். எனக்கு அது தெரியாது. இப்போது அவன் செருப்பைக் கழற்றும்போது ஒரு முறை புதிதாகப் பார்க்கிறேன். வீட்டில் பேச்சு கூடியிருக்கிறது.

நம் சென்னையிலேயே இப்படிப் பார்த்த ஒருவர் இருந்தார். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகத்தில் தலைமை உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. தென் அடிவானத்துக்குச் சற்று மேலே மட்டுமே தெரியும் ரெட்டிகுலம் என்ற தொகுதியில் ஒரு மாறும் விண்மீனை 1867-இல் கண்டுபிடித்தார். 1872-இல் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரானார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்த நிகழ்வைப் பற்றி இந்திய மொழிகளில் படிக்க நூல் எழுதினார். அந்த இடத்தில்தான் இப்போது வானிலை மையம் இருக்கிறது. புயல் செய்தியில் நாம் அடிக்கடி கேட்கும் அதே இடம். அங்கே ஒரு பழைய கருங்கல் தூண் நிற்கிறது, தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறது. சென்னையில் ஒரு தெருவுக்காவது அவர் பெயரை வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இப்போது நான் மிகவும் மதிக்கும் மனிதருக்கு வருகிறேன். ராதாகோபிந்த சந்திரா. வங்கத்தில், இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ஜெசோர் ஊர்க்காரர். அந்நாளைய பள்ளியிறுதித் தேர்வான என்ட்ரன்ஸில் தேறாதவர். அரசுக் கருவூலத்தில் நாணயங்களைச் சரிபார்க்கும் வேலை. 1910-இல் வந்த ஹாலி வால்மீன் அவரைப் பிடித்துக்கொண்டது. எத்தனையோ பேரை அது பிடித்திருக்கும். வால்மீன் போனதும் விட்டிருக்கும். சந்திரா விடவில்லை. 1912-இல் லண்டனிலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். கருவூலக் குமாஸ்தாவின் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய செலவு என்று எண்ணிப் பாருங்கள். 1918 ஜூனில் கழுகு மண்டலத்தில் திடீரென்று ஒரு நோவா, அதாவது சட்டென்று பலமடங்கு ஒளிர்ந்து பிறகு மங்கும் விண்மீன், வெடித்தபோது, அதைக் கவனித்து அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்துக்கு எழுதினார். 1911-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். பகலெல்லாம் ரூபாயும் அணாவும் எண்ணிவிட்டு, இரவில் நட்சத்திரங்களின் ஒளியை எண்ணினார். 37,000-க்கும் மேற்பட்ட கணிப்புகளை அனுப்பினார். 37,000 தடவையும் உற்சாகமாகவா இருந்திருக்கும்? காய்ச்சலோடு எழுந்த இரவு இருந்திருக்கும். மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய நாளின் இரவு இருந்திருக்கும். மனநிலை எப்படியிருந்தாலும் எண் வேண்டும், ஏனென்றால் அன்றைய இரவு திரும்ப வராது. அவர் பார்க்காமல் விட்டால் அந்த விண்மீனின் வரலாற்றில் அங்கே ஓர் ஓட்டை விழும். அவருடைய உழைப்பைப் பார்த்து அந்தச் சங்கம் கடல் தாண்டி ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடனாக அனுப்பிவைத்தது. பிரிவினைக்குப் பிறகு மேற்கு வங்கத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயும் பார்த்தார். முதுமையில் இனி முடியாது என்றானபோது, அந்தத் தொலைநோக்கி வானியலாளர் வைணு பாப்புவின் கைக்குப் போயிற்று. அவர் வழியாகவே அது நம் ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்துக்கும் வந்தது. காவலூரில் அதே பாப்புவின் பெயரால் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருப்பதைப் பலரும் அறிவீர்கள். இந்தச் சின்னக் கருவியின் கதையைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பிள்ளைகளுக்காக ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வடமகுடம் என்றொரு தொகுதி உண்டு. மே, ஜூன் மாதங்களில் இரவு எட்டு மணிக்குமேல் கிழக்கே பார்த்தால் சுவாதி நன்றாகத் தெரியும். வடகிழக்கில் அபிஜித் என்ற நட்சத்திரம் எழும். இரண்டுக்கும் நடுவே, சுவாதிக்குக் கொஞ்சம் பக்கமாக, அரைவட்டமாய்ச் சில நட்சத்திரங்கள். அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விண்மீன் 1866-இல் வெடித்துப் பிரகாசமாகி மங்கியது. மறுபடி 1946-இல். 2024 செப்டம்பருக்குள் மறுபடியும் வெடிக்கும் என்று நிபுணர்கள் கணித்தார்கள். அந்த மாதமும் கடந்தது. வெடிக்கும்போது துருவ நட்சத்திரம் அளவுக்கு ஒளிரும், வெறுங்கண்ணுக்குச் சில நாள் மட்டும் தெரியும். அதனால் அந்த அரைவட்டம் சாதாரணமாக எப்படி இருக்கும் என்பதை முதலில் பழகிக்கொள்ளுங்கள். அந்த இடத்தின் வரைபடத்தைப் பிரதியெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் புத்தகங்கள் வைத்திருக்கும் மேசையில் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், அப்பா அம்மாவுக்கும் சேர்த்து.