வலியல்ல, வலை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் ஓரமாக நிற்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வெள்ளைக் குடியேற்றத்தை எதிர்த்து நிற்கையில் கறுப்பின மக்களையும் அமெரிக்கப் பூர்வகுடிகளையும் சேர்த்துவைத்தது பட்ட துன்பமா, சேர்ந்து செய்த வேலையா? எனக்கு முன்னால் பேசிய அம்மா, துன்பம்தான் என்று அடித்துச் சொன்னார். ஒருவரைச் சங்கிலி போட்டுக் கப்பலில் ஏற்றினார்கள், இன்னொருவரைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டினார்கள், தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்றார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். ஆனால் நான் நிற்பது வேலை என்ற பக்கம்.

அம்மா, தனக்கு வந்தால் தெரியும், சரி. தெரிந்துகொண்டவர் அப்புறம் என்ன செய்தார்? மாமியாரிடம் படாத பாடு பட்ட மருமகள், தான் மாமியாரானதும் வருகிற பெண்ணை மடியில் வைத்துத் தாலாட்டுகிறாளா? (சிரிக்கிற வீடெல்லாம் எதுவென்று எனக்குத் தெரிகிறது.)

1838இல் செரோக்கி என்ற பூர்வகுடி மக்களை அமெரிக்க ராணுவம் சொந்த ஊரிலிருந்து கிளப்பி, இன்றைய ஓக்லஹோமா இருக்கும் பக்கமாக ஓட்டியது. 'கண்ணீர்ப் பாதை' என்று வரலாறு சொல்கிறதே, அதுதான். சுமார் 4,000 பேர் செத்தார்கள் என்று ஒரு கணக்கு. அதைவிடக் கொடிய துன்பம் எங்கே இருக்கிறது? ஆனால் அதே குளிரில், அதே பாதையில், செரோக்கிகளுக்குச் சொந்தமான கறுப்பின அடிமைகளும் நடந்தார்கள். 1835 கணக்கெடுப்பின்படி செரோக்கி நாட்டில் அப்படி 1,500க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். வழி வெட்டியதும் சமைத்ததும் அவர்கள். வலிதான் சேர்த்துவைக்கும் என்றால் அந்த நடையிலேயே சேர்த்திருக்க வேண்டுமே! 1866 ஒப்பந்தம் அந்த அடிமைகளுக்கும் வாரிசுகளுக்கும் செரோக்கி நாட்டுக் குடியுரிமை கொடுத்தது. 2007இல் செரோக்கிகள் ஓட்டுப் போட்டு அவர்களை வெளியே தள்ளப் பார்த்தார்கள். 2017இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லித்தான் அந்த உரிமை நின்றது.

மறுபக்கமும் சுத்தமில்லை. அதே 1866இல் அமெரிக்க ராணுவம் கறுப்பினக் குதிரைப்படைகளை அமைத்தது. சங்கிலி கழன்று அதிக நாள் ஆகாதவர்கள் பலர் அதில் சேர்ந்து, சமவெளிப் பூர்வகுடிகள் மேல் துப்பாக்கி தூக்கினார்கள்.

சரி, சேர்ந்த இடத்துக்கு வருவோம். ஃபுளோரிடா.

அது ஸ்பெயினின் கையில் இருந்த காலத்திலேயே, ஜார்ஜியா, தெற்கு கரோலினா தோட்டங்களிலிருந்து அடிமைகள் தப்பி ஓடிவந்தார்கள். அங்கே இருந்த செமினோல் என்ற பூர்வகுடி மக்கள் அவர்களைக் கட்டிப்பிடித்து அழவில்லை நடுவர் அவர்களே. தனி ஊர் போட்டுக்கொள்ள விட்டார்கள். விளைச்சலில் ஒரு பங்கைத் தலைவருக்குக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். மக்காச்சோளமும் நெல்லும் கறுப்பர்கள் விளைவித்தார்கள். அவர்கள் கையில் துப்பாக்கியும் இருந்தது. வெள்ளைக்காரன் பேச்சுவார்த்தைக்கு வந்தால் அவன் சொல்வதைச் செமினோல் தலைவருக்குச் சொல்லியதும் அவர்களில் ஒருவர்தான். மிக்கனோப்பி என்ற தலைவருக்கு ஆபிரகாம் என்ற கறுப்பர் மொழிபெயர்ப்பாளர். வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை, ஆலோசகரும் அவர்தான். நம் ஊரில் பத்திரம் எழுதுபவரை எவ்வளவு நம்பினாலும் நாலு பேரிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம். இங்கே ஒரு மக்கள்கூட்டத்தின் நிலமே அந்த நாக்கில் நின்றது.

1835 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்துக்கும் செமினோல்களுக்கும் போர் வெடித்தது. தோட்டங்களிலிருந்து அடிமைகள் ஓடிவந்து செமினோல்களோடு சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே ஜெசப் என்ற தளபதி மேலிடத்துக்கு எழுதுகிறார்: இது கறுப்பர்களின் போர், பூர்வகுடிகளின் போர் இல்லை, சீக்கிரம் அடக்காவிட்டால் தெற்கிலுள்ள அடிமைகளிடம் இதன் விளைவு தெரியும். எதிரிக்கு யார் யாரோடு நிற்கிறார்கள் என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

1837 மார்ச்சில் ஓர் ஒப்பந்தம். செமினோல்களும் அவர்களின் கூட்டாளிகளும் உயிருக்கும் உடைமைக்கும் பயமில்லாமல் மேற்கே போகலாம், அவர்களின் கறுப்பர்களும் கூடவே போகலாம் என்று எழுதினார்கள். அதே வரியில் கறுப்பர்களைச் செமினோல்களின் 'சொத்து' என்றும் எழுதியிருக்கிறது. அந்தச் சொல் எனக்கும் உறுத்துகிறது. உறவு சுத்தமான தங்கம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் பாருங்கள், கறுப்பர்களை விட்டுக்கொடுத்துத் தங்களுக்கு மட்டும் ஒரு பேரம் பேசியிருக்கலாம். பேசவில்லை. மேற்கே போகக் காத்திருந்தவர்களின் முகாமுக்குள் அடிமை பிடிப்பவர்கள் மூக்கை நுழைத்ததும் ஒப்பந்தம் ஆட்டம் கண்டது. ஜூனில் ஒசியோலா என்ற செமினோல் தலைவரும் மற்றவர்களும் முகாமில் இருந்த சுமார் 700 பேரை இரவோடு இரவாகக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

மோதி ஜெயிக்க முடியாத ஜெசப், பிரித்துப் பார்த்தார். சரணடையும் கறுப்பர்களுக்கு விடுதலை என்று 1838இல் வாக்குக் கொடுத்தார். பலர் போனார்கள், குற்றம் சொல்ல மாட்டேன். பத்து வருஷம் கழித்து, அந்த வாக்கு சட்டப்படி செல்லாது என்று அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் சொல்லிவிட்டார். அப்புறம் என்ன நடந்தது? ஜான் ஹார்ஸ் என்ற கறுப்பினத் தலைவரும் வைல்ட் கேட் என்ற செமினோல் தலைவரும் தம் மக்களைக் கூட்டிக்கொண்டு, டெக்சாஸைக் குறுக்கே கடந்து, 1850இல் மெக்சிகோ போய்ச் சேர்ந்தார்கள். அங்கே 1829இலேயே அடிமைமுறையை ஒழித்திருந்தார்கள். அப்படிப் போன கறுப்பர்களின் வாரிசுகள் கோஹுவிலா மாநிலத்தின் நசிமியென்டோவில் இன்றும் இருக்கிறார்கள். மெக்சிகோ அரசு நிலம் கொடுத்தது சும்மா இல்லை, அப்பாச்சிகளையும் கொமாஞ்சிகளையும் எல்லையில் தடுக்கத்தான். அவர்களும் பூர்வகுடிகள்தானே, பட்டவர்கள்தானே? எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும்.

இன்னொரு ஆற்றங்கரைக்கு வாருங்கள். வாஷிங்டன் மாநிலம், நிஸ்குவாலி ஆறு. 1854 ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசு அங்குள்ள பூர்வகுடிகளின் நிலத்தை வாங்கிக்கொண்டு, வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று எழுதிக் கொடுத்தது. நூறு வருஷம் கழித்து, அதே ஆற்றில் வலை போட்டால் கைது. பில்லி ஃபிராங்க் என்ற நிஸ்குவாலிக்காரரை முதன்முதலில் பிடித்தது 1945இல், அவருடைய 14 வயதில். அப்புறம் ஐம்பது தடவைக்கு மேல் பிடித்தார்கள். செவுள் வலையைப் பார்த்திருப்பீர்கள், மீன் தலையை நுழைக்கும், செவுள் மாட்டிக்கொள்ளும், பின்னாலும் வர முடியாது. அந்த மக்களின் நிலைமையும் அதேதான்.

1964இல் மார்லன் பிராண்டோ என்ற வெள்ளைக்கார ஹாலிவுட் நடிகர் பக்கத்திலுள்ள புயாலப் ஆற்றுக்கு வந்து வலை போட்டார். கைது செய்தார்கள், உடனே விட்டுவிட்டார்கள், வழக்குகூட இல்லை. 1966இல் நிஸ்குவாலி ஆற்றுக்கு டிக் கிரிகோரி வந்தார். நம்மைப்போல மேடையில் பேசிச் சிரிக்கவைத்துப் பிழைத்தவர், கறுப்பர். அவரும் வலை போட்டார். அவருக்கோ வழக்கு, தண்டனை. 1968இல் சிறைக்குள் போய் சாப்பிட மறுத்துப் பட்டினி கிடந்தார். அவர் பட்ட துன்பம் சால்மன் மீனைப் பற்றியதா? இல்லை. ஆற்றில் இறங்கினார், வலையைப் பிடித்தார். மீன்பிடி வழக்குகளில் பூர்வகுடிகளுக்காக வாதாடிய ஜாக் டேனரும் கறுப்பர்தான்.

ஹைட்டியை எதிரணி நண்பர் சொன்னார். விடுதலை பெற்ற அடிமைகள் 1804இல் பிரெஞ்சுப் பெயரை எறிந்துவிட்டு, அந்தத் தீவில் ஏறக்குறைய அழிந்தே போயிருந்த டைனோ மக்களின் பெயரை நாட்டுக்கு வைத்தார்கள், அது வலியின் உறவு என்றார். அழகான உதாரணம். கூட வேலை செய்ய டைனோக்கள் அங்கே இல்லை, அதனால் அந்தப் புள்ளியை அவருக்கே விட்டுவிடுகிறேன். ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

மணி அடிக்கிறார்கள். ஒரே ஒரு நிமிடம். 1974 பிப்ரவரி 12 அன்று வாஷிங்டன் மாநில மீன்பிடி வழக்கில் நீதிபதி போல்ட் தீர்ப்புச் சொன்னார்: பிடிக்கக்கூடிய மீனில் பாதி ஒப்பந்தப் பூர்வகுடிகளுக்கு. வலி என்ற சொல்லையும் வலை என்ற சொல்லையும் எழுதிப் பாருங்கள் நடுவர் அவர்களே, ஓர் எழுத்துதான் மாறும். அந்த ஆற்றில் எது மீன் பிடித்தது என்று பார்த்துத் தீர்ப்பு எழுதுங்கள். வணக்கம்.