புதிய சந்தையில் பன்னாட்டு நிறுவனங்கள் எங்கே சறுக்குகின்றன?

[திரையில்: வாங்குபவர், விற்பவர், நடுவில் ஒரு காலி இடம்]

வளரும் நாட்டில் கடை விரிக்கும் பன்னாட்டு நிறுவனம், மக்களின் ரசனையையும் வருமானத்தையும் அலசிவிட்டு வருகிறது. வாங்கியவர் கடனைக் கட்டுவாரா என்று சொல்லும் அமைப்பு, நம்பத்தக்க தரச் சோதனைக் கூடம், ஒப்பந்த வழக்கைச் சீக்கிரம் முடிக்கும் நீதிமன்றம் இவையெல்லாம் அங்கே உண்டா? பல நேரம் இருக்காது. இந்தக் குறைகளைத்தான் ஹார்வர்டு பேராசிரியர்கள் தருண் கன்னாவும் கிருஷ்ணா பலேபுவும் 1997-இல் 'அமைப்புசார் வெற்றிடங்கள்' என்றார்கள். சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான்.

அமெரிக்க இணைய ஏல நிறுவனமான ஈபேக்குச் சீனாவில் நடந்ததைப் பாருங்கள். 2003-இல் உள்ளூர் ஏலத்தளமான ஈச்நெட்டை முழுதாக வாங்கியது. ஆனால் முன்பின் தெரியாத விற்பவருக்கு யார் முன்பணம் அனுப்புவார்? கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்களும் அப்போது குறைவு. அதே ஆண்டு வந்த தாவ்பாவ் என்ற அலிபாபாவின் இணையச் சந்தை, அலிபே என்ற கட்டணச் சேவை மூலம் இந்த வெற்றிடத்தை நிரப்பியது.

[திரையில்: பணம் நகரும் வழி]

வாங்குபவர் அலிபேயிடம் பணம் கட்டுவார். அது தெரிந்ததும் விற்பவர் பொருளை அனுப்புவார். பொருள் சரியென்று வாங்கியவர் சொன்ன பிறகே பணம் விற்பவர் கைக்குப் போகும். தாவ்பாவில் இருவரும் நேரடியாக அரட்டையில் பேரம் பேசலாம். பட்டியலிடக் கட்டணமும் இல்லை. ஈபேயோ கட்டணம் வாங்கியது, 2004-இல் சீனத் தளத்தை அமெரிக்காவிலிருந்து இயங்கும் பொதுத் தளத்துக்கு மாற்றியது. பக்கங்கள் திறக்கத் தாமதமாயின. சின்னத் திருத்தத்துக்கும் தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டியிருந்தது. 2006 டிசம்பரில் தன் சீனத் தளத்தை மூடி, உள்ளூர்ப் பங்காளியுடன் கூட்டு நிறுவனத்துக்கு மாறியது.

இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் வேறு வழியில் போனது. 1996-இல் முதல் கடை திறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, லெட்டூஸ் பயிரிடும் விவசாயிகளையும் குளிரூட்டிய லாரி, கிடங்குகளையும் உருவாக்கத் தொடங்கியது. மாட்டிறைச்சி இல்லாத மெனுவைத்தான் எல்லோரும் பேசுகிறோம். உண்மையில் கடினமான வேலை இந்தக் குளிர்பதனச் சங்கிலிதான்.

வெற்றிடத்தை நிரப்பிவிட்டால் மட்டும் போதாது, விதியும் மாறும். 2018 டிசம்பரில் இந்திய அரசு, வெளிநாட்டு முதலீடுள்ள இணையச் சந்தை தான் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் சரக்கைத் தன் தளத்தில் விற்கக் கூடாது என்றது. 2019 பிப்ரவரி 1-இல் அது அமலானதும் கிளவுட்டெயில் என்ற விற்பனை நிறுவனத்தின் பொருள்கள் அமேசானிலிருந்து மறைந்தன. அதன் தாய் நிறுவனத்தில் இருந்த 49 சதவீதப் பங்கை அமேசான் 24-ஆகக் குறைத்த பிறகே அவை திரும்பின.

உள்ளூர்ப் பங்காளியுடன் கூட்டு ஒப்பந்தம் எழுதும்போதே மூன்றைக் குறித்துவிடுங்கள்: விதி மாறினால் பங்கை யாருக்கு விற்பது, என்ன விலைக்கணக்கில் விற்பது, கிடங்கில் நிற்கும் சரக்கு யாருடையது.