பதிப்பு மாறியதும் சர்வர் ஏன் இழுக்கிறது?

நெல்லை நேயர்களுக்கு வணக்கம்.

டவுன் மொத்தக் கடையானாலும் வண்ணாரப்பேட்டை ஆஸ்பத்திரியானாலும், பில் போடும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு டேட்டாபேஸ் சர்வர் ஓடுகிறது. சனிக்கிழமை ராத்திரி அதைப் புதுப் பதிப்புக்கு மாற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு பில் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரி. திங்கள்கிழமை காலையில் கவுண்டரில் கூட்டம் நிற்கும்போது, பழைய பாக்கி காட்டும் திரை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். "அண்ணாச்சி, ரேம் பத்தல, புதுசு போட்டுருவோம்" என்று யாராவது சொல்லுவார்.

வாங்காதீர்கள். வெள்ளிக்கிழமை வரை அதே ரேமில்தானே ஓடியது?

அந்த டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருள் என்றால் நான் முதலில் கேட்பது, "அனலைஸ் ஓட்டினீர்களா?" என்றுதான். எந்த அட்டவணையில் எத்தனை வரிகள், எந்த மதிப்பு எத்தனை தடவை வருகிறது என்ற புள்ளிவிவரத்தை வைத்தே டேட்டாபேஸ் தேடும் வழியை முடிவு செய்கிறது. அதை எடுத்துத் தரும் கட்டளைதான் அனலைஸ். டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்குக் கிளம்புகிறவர்களில், ஜங்ஷன் நெரிசல் தெரிந்தவர் மேலப்பாளையம் சுற்றிப் போய்விடுவார். வெளியூர்க்காரர் நேரே போய் மாட்டிக்கொள்வார். பதிப்பை மாற்றும் பிஜி அப்கிரேடு கருவி தரவைப் பத்திரமாகக் கொண்டுவந்துவிடும். ஆனால் 17-ஆம் பதிப்பு வரை இந்தப் புள்ளிவிவரத்தை அது கொண்டுவந்ததில்லை. 2025-இல் வெளியான 18-இல்தான் அதில் பெரும்பகுதி கூடவே வருகிறது.

இழுக்கிற கேள்வியை, அதாவது டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளையை, எக்ஸ்பிளெயின் அனலைஸ் போட்டுப் பாருங்கள்; தேடிய வழியை அது படிப்படியாகக் காட்டும். ஒவ்வொரு படியிலும் மதிப்பிட்ட வரிகளும் உண்மையில் வந்த வரிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மதிப்பீடு 1, வந்தது 80,000 என்றால் கோளாறு அங்கேதான். ஒரே ஒரு வரிதான் என்று நம்பி, இன்னொரு அட்டவணையை வரிக்கு ஒரு தடவை துழாவியிருக்கும். தானியங்கி அனலைஸ் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. அட்டவணையில் போதிய மாற்றம் நடந்தால்தான் அது கிளம்பும். யாரும் தொடாத பழைய வருஷத்துக் கணக்குகள் அப்படியே கிடக்கும். வேக்கும்டிபி கட்டளையில் கட்டம் கட்டமாக அனலைஸ் செய்யும் வசதி உண்டு. முதலில் மேலோட்டமாக ஒன்றை எடுத்துத் தரும், கடையைத் திறந்துவிடலாம். முழுசானது அப்புறம் வரும்.

அதற்கும் மசியவில்லையா? அமைப்புகளை எழுதி வைக்கும் கான்ஃபிக் கோப்பைத் திறந்து பாருங்கள். புதுப் பதிப்பு தன் கோப்போடுதான் வரும்; தரவை ரேமில் வைத்துக்கொள்ள ஒதுக்கும் ஷேர்டு பஃபர்ஸ் வழக்கமான 128 எம்பியிலேயே நிற்கும். பழைய கோப்பில் மாற்றியதையெல்லாம் இங்கேயும் கையால் மாற்ற வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தலைவலி. அதன் 8.0 பதிப்பில், ஒருமுறை வந்த விடையைச் சேமித்து வைத்துத் திரும்பத் தரும் குவரி கேஷையே எடுத்துவிட்டார்கள். ஒரே ரிப்போர்ட்டை நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப எடுக்கும் கடைகளில், உள்ளே இருந்த மோசமான கேள்வியை இவ்வளவு நாளும் அந்த கேஷ்தான் மூடி வைத்திருந்தது. அங்கே கேள்வியைத் திருத்தி எழுதுவதுதான் வழி. குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மாற்றுவதற்கு முன்பே, கடைக்கு உயிரான பத்துப் பதினைந்து கேள்விகளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த வழியில் தேடுகிறது என்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட ஏதாவது வேண்டுமே. ஆனித் தேரோட்ட வாரத்தில் மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.