கேட்காமல் வரும் பாரம்

எல்லாருக்கும் வணக்கம்.

இணைய வேகம் கூடினால் புதுமை பிறக்குமா, வீண் செலவு பெருகுமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். வேகமே இல்லாத காலத்தில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

1986 அக்டோபர். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அதன் பக்கத்திலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் நடுவே 400 கஜ தூரம்தான். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த அந்த இணைப்பு திடீரென்று 40 பிட்டுக்கு விழுந்தது. நாலாயிரமோ நானூறோ இல்லை, வெறும் நாற்பது! இணையத்தில் தகவல் சிறு சிறு துண்டுகளாக, தரவுப் பொட்டலங்களாகப் போகும். போய்ச் சேராத பொட்டலங்களைக் கணினிகள் திரும்பத் திரும்ப அனுப்பின. அதனாலேயே நெரிசல் இன்னும் இறுகியது. வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸ் என்ற இரு கணினி வல்லுநர்கள் இதைக் குடைந்து பார்த்து ஒரு வழி கண்டார்கள். பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு உடனே வேகத்தைக் குறை. வழி கிடைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. புதிதாக ஒரு கேபிளும் போடவில்லை. 1988இல் வெளிவந்த அந்த யோசனையின் வழித்தோன்றல்கள்தான் இன்றும் இணையத்தை நெரிசலில் முடங்காமல் காக்கின்றன. பற்றாக்குறை தந்த கொடை அது. படங்களைச் சுருக்கும் ஜேபெக்கும் அப்படித்தான்.

சரி, அப்படியானால் குறுகிய இணைப்பே போதுமா? போதாது. காது கேளாத இருவர் சைகை மொழியில் வீடியோ காலில் பேசுவதை நினைத்துப் பாருங்கள். விரலசைவு ஒரு கணம் உறைந்தாலும் ஒரு சொல் போய்விடும். அதற்கு வேகம் வேண்டும், வேறு வழியே இல்லை.

வீண் எது என்பதை முன்கூட்டிச் சொல்வதும் எளிதல்ல. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், காபி தீர்ந்துவிட்டதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க, காபிக் குடுவையை நோக்கி ஒரு கேமராவை வைத்தார்கள். கண்டிப்பான நிர்வாகி யாராவது இருந்திருந்தால் வெட்டி வேலை என்று பிடுங்கியிருப்பார். உலகின் முதல் வெப்கேம் என்று இன்று சொல்லப்படுவது அதுதான். அதனால், மற்றவர் விரும்பிப் பார்ப்பதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

என் கோபம் கேட்காமல் வருவதன் மேல்தான். ஆயிரம் சொல் கொண்ட ஒரு தமிழ்க் கட்டுரை, எழுத்து மட்டும் என்றால் சுமார் 30 கிலோபைட். அதைச் சுமந்துவரும் பக்கம் 3 மெகாபைட் ஆவது சர்வசாதாரணம். விளம்பரம், நம்மை வேவு பார்க்கும் நிரல், தானாக ஓடும் வீடியோ எல்லாம் அதில் ஏறிக்கொள்கின்றன. பக்கத்தை வடிவமைப்பவர் மேசையில் ஃபைபர் இணைப்பு இருப்பதால் அந்தப் பாரம் அவருக்குத் தெரிவதே இல்லை. சிக்னல் தேய்ந்து, பழைய டயல்-அப் மோடம்போல நொடிக்கு 56 கிலோபிட், அதாவது 7 கிலோபைட் மட்டும் கிடைக்கிற ஒருவரை எண்ணிப் பாருங்கள். எழுத்து மட்டும் வந்தால் ஐந்து நொடிக்குள் படிக்கத் தொடங்கிவிடலாம். முழுப் பக்கமும் இறங்க ஏழு நிமிடம் ஆகும்.