தூசி குறைந்த மணலும் பூனையின் பாதமும்

நேயர்களுக்கு வணக்கம்.

பூனை வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவர்களிடம் உணவைப் பற்றிக் கேட்பார்கள், தடுப்பூசியைப் பற்றிக் கேட்பார்கள், முடி கொட்டுவதைப் பற்றிக் கேட்பார்கள். பூனை மலஜலம் கழிக்க டிரேயில் போட்டுவைக்கிற மணலைப் பற்றித் தானாக யாரும் பேச்செடுப்பதில்லை. பூனைக்கு இருமல் வர வேண்டும், அல்லது வீட்டில் தாத்தாவுக்கோ குழந்தைக்கோ இழுப்பு வர வேண்டும். அப்புறம்தான் கேட்பார்கள்: "டாக்டர், இது அந்த லிட்டர் மணலால இருக்குமோ?"

இருக்கலாம். மணல் பையைப் பிரித்து, ஓடுகிற மின்விசிறிக்கு அடியில் நின்று, இடுப்பு உயரத்திலிருந்து டிரேயில் கொட்டிப் பாருங்கள். மாவு மில்லுக்குள் நிற்பது போல இருக்கும். நமக்கு அது ஒரு நிமிட வேலை. பூனையோ தினமும் பல தடவை அதிலேயே இறங்கி, மூக்கை வைத்து முகர்ந்து, குழி தோண்டி, வேலை முடிந்ததும் மூடிவிட்டு வருகிறது.

இந்தத் தூசி எங்கிருந்து வருகிறது என்றால், மண்ணிலிருந்துதான். 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டுப் பெண்மணி பூனைக்காகக் கொஞ்சம் மணல் கேட்டு வந்தார். அதுவரை அடுப்புச் சாம்பலைப் போட்டு, வீடெல்லாம் பூனையின் கால் தடம் பதிந்து அலுத்துப்போயிருந்தார். லோ அவருக்குக் கொடுத்தது, தொழிற்கூடங்களில் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்காக அவர் விற்றுக்கொண்டிருந்த களிமண் குருணை. நாம் முகத்தில் பூசுகிற முல்தானி மட்டியின் இனம்தான் அது. அங்கிருந்து ஒரு பெரிய வியாபாரமே கிளம்பியது. 1980களில் பெண்டோனைட் களிமண் வந்தது. ஈரம் பட்டதும் ஊதிப் பெருகி உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம். நம் நாட்டில் கட்ச், பாவ்நகர், பார்மர் பக்கங்களில் இந்த மண்ணைத் தோண்டி எடுக்கிறார்கள். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் மணல் அச்சு உதிராமல் பிடித்து நிற்பதற்குக் கலப்பதும் இதே பெண்டோனைட்தான். மலிவு, பூனைக்கும் பிடிக்கும். தூசிதான் அதன் குறை.

பூனைக்கும் ஆஸ்துமா வரும். பலருக்கு இது தெரியாது. பூனை தரையோடு பதுங்கி உட்கார்ந்து, கழுத்தை முன்னால் நீட்டி, இருமும். பார்ப்பவர்கள் "முடி உருண்டையைக் கக்கப் பார்க்குது" என்று விட்டுவிடுவார்கள். கடைசியில் முடியும் வராது, ஒன்றும் வராது. அடிக்கடி இப்படி நடந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பூனைக்கு முகமூடி வைத்து இன்ஹேலர் கொடுக்கிற முறைகூட உண்டு. மருந்து ஒரு பக்கம் இருக்க, தூசி குறைந்த மணலுக்கு மாறச் சொல்வதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

களிமண் தூசியில் படிகச் சிலிக்கா கொஞ்சம் இருப்பதுண்டு. கல்குவாரிகளில் ஆண்டுக்கணக்காக உழைப்பவர்களின் நுரையீரலைக் கெடுக்கிற பொருள் அது. அதற்காக வீட்டு டிரேயைப் பார்த்து நடுங்க வேண்டாம், அங்கே எழுகிற தூசியின் அளவே வேறு. ஆனால் கட்டடம் கட்டுகிற இடத்திலிருந்து எம்-சாண்ட் அள்ளி வந்து டிரேயில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எம்-சாண்ட் என்பது உடைத்த பாறை. கூடவே கல்தூளும் வரும். அதை வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சரி, கடைக்குப் போகிறீர்கள். பையின் மேல் '99 சதவீதம் தூசியற்றது' என்று போட்டிருக்கும். எடைக் கணக்கில் பார்த்தால், ஐந்து கிலோ பையில் மிச்சமிருக்கும் ஒரு சதவீதம் ஐம்பது கிராம். ஐம்பது கிராம் மென்தூள் ஒரு அறையை நிரப்பப் போதும். அதனால் எழுத்தை நம்பாமல் பொருளைப் பாருங்கள். ஒளி ஊடுருவும் பாட்டிலில் ஒரு கைப்பிடி மணலைப் போட்டு மூடி, நன்றாகக் குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். உள்ளே புகை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தெரியும். இரண்டு மூன்று வகைகளை இப்படிக் குலுக்கிப் பார்த்தாலே வித்தியாசம் புரிந்துவிடும்.

தூசி குறைவு என்று பார்த்தால் இப்போது அதிகம் பேசப்படுவது டோஃபு மணல். டோஃபு என்னும் சோயாப் பனீர் செய்தபின் மிஞ்சும் சோயாச் சக்கையோடு மாவுச்சத்தும், கொத்தவரை விதைப் பிசினும் சேர்த்து, சிறு குச்சிகளாகப் பிழிந்து எடுப்பது. தூசி மிகக் குறைவு, எடையும் குறைவு. விலைதான் கூடுதல். இன்னொன்றும் உண்டு: சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், திறந்து வைத்த பையில் பூஞ்சை பிடிக்கும், எறும்பும் வண்டும் வரும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். பைன் மரக் குருணைகள் பையில் இருக்கும்போது சுத்தமாக இருக்கும். சிறுநீர் பட்டதும் உடைந்து மரத்தூளாகிவிடும், அதை நாள்தோறும் சலித்து எடுக்காவிட்டால் அதுவே தூசி. சிலிக்கா ஜெல் படிகங்கள் இருக்கின்றன. புதுச் செருப்புப் பெட்டிக்குள் சின்னப் பொட்டலமாக வருகிற அதே பொருள். நான் சற்றுமுன் சொன்ன படிகச் சிலிக்கா வேறு, இது வேறு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆனால் காலில் குத்துகிறது என்று பல பூனைகள் இறங்கவே இறங்காது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. மணலை மாற்றுவதற்கு நமக்கு இருக்கிற காரணம் மூக்கும் நுரையீரலும். பூனைக்கு அந்தக் காரணம் தெரியாது. அது பாதத்தால் முடிவு செய்கிறது. வீட்டுப் பூனையின் முன்னோர் மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலத்தில் திரிந்த காட்டுப்பூனைகள். தளர்ந்த மண்ணைத் தோண்டிப் புதைப்பது அங்கிருந்து வந்த பழக்கம். பூனைகளின் நடத்தையை ஆராய்ந்தவர்களும் பெரும்பாலான பூனைகள் நுண்ணிய, கட்டிபிடிக்கிற, வாசனை சேர்க்காத மணலையே விரும்புவதாகச் சொல்கிறார்கள். லாவண்டர் வாசனை, எலுமிச்சை வாசனை எல்லாம் வாங்குகிற நம் மூக்குக்காகப் போட்டது. பூனைக்கு அது தொந்தரவு.

ஆக, நுண்ணிய பெண்டோனைட்டில் பழகிய பூனையின் முன்னால் திடீரென்று தடித்த குச்சிகளைக் கொட்டினால் அது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதில் ஆச்சரியம் இல்லை. வாங்கும்போதே மெல்லிய குச்சி வகையை, அல்லது உடைத்துப் பொடித்த டோஃபு வகையைப் பாருங்கள். பெண்டோனைட்டும் டோஃபுவும் கலந்த பையும் கிடைக்கிறது. அதில் தூசி முழுக்கப் போகாது, ஆனால் பிடிவாதக்காரப் பூனைக்கு நடுவழியில் ஒரு படியாக உதவும்.

மாற்றும் முறைக்கு வருகிறேன். எனக்குப் பிடித்தது இரண்டு டிரே முறை. பழைய டிரே, பழைய மணல், அதே இடம். அதில் கை வைக்காதீர்கள். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு டிரே வைத்து, புது மணலை இரண்டு அங்குல உயரம் போடுங்கள். பழைய டிரேயிலிருந்து சிறுநீர்க் கட்டி ஒன்றை எடுத்துப் புதியதில் போட்டுவைத்தால், இது எதற்கான இடம் என்று வாசனையே சொல்லிவிடும். பிறகு பூனையின் போக்கில் விடுங்கள். சில பூனைகள் அன்றைக்கே புதியதில் இறங்கும். சில பூனைகள் ஒரு வாரம் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கும். புதியதைத் தொடர்ந்து பயன்படுத்துகிறது என்று உறுதியான பிறகுதான் பழையதை எடுக்க வேண்டும். பழைய டிரேயைச் சுத்தம் செய்யாமல் நாறவிட்டால் புதியதற்குப் போய்விடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். போகலாம்தான். உங்கள் தலையணைக்கும் போகலாம்.

சின்ன ஃபிளாட், இரண்டு டிரேக்கு இடமில்லை என்றால் கலக்கிற முறை. முதலில் நான்கில் ஒரு பங்கு புதியது, மூன்று பங்கு பழையது. நான்கைந்து நாள் பூனை வழக்கம்போலத் தோண்டி, மூடி, நிதானமாக வெளியே வந்தால் பாதிப் பாதி. அடுத்து முக்கால் பங்கு. அவசரம் வேண்டாம், ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும். இந்தக் காலத்தில் டிரேயையோ இடத்தையோ மாற்றாதீர்கள். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் போதும். வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வாரமும், விருந்தாளிகள் நிறைந்த வாரமும், தீபாவளி வெடிச் சத்தத்தில் பூனை கட்டிலுக்கு அடியில் ஒளிகிற வாரமும் இதற்கு ஏற்றதல்ல.

பூனை வேண்டாம் என்று சொல்வதைப் பார்க்கத் தெரிய வேண்டும். டிரேயின் விளிம்பில் ஏறி நின்றே காரியத்தை முடிக்கும். ஒரு காலை வைத்துவிட்டு எடுத்து உதறும். மணலைத் தோண்டாமல் பக்கத்துச் சுவரைப் பிராண்டும். மூடாமல் பாய்ந்து ஓடும். இதில் ஏதாவது தெரிந்தால், கடைசியாக எந்தக் கலவையில் நிம்மதியாக இருந்ததோ அதற்குத் திரும்புங்கள். டிரேக்கு வெளியே மலஜலம் போக ஆரம்பித்துவிட்டால் எங்கே போகிறது என்று கவனியுங்கள். துணிக் குவியலிலும் மிதியடியிலும் போகிற பூனைக்கு மென்மையான மணல் வேண்டும். குளியலறை டைல்ஸில் போகிற பூனைக்கு மணலின் ஆழம் அதிகமாக இருக்கலாம், குறைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். கடுவன் பூனை டிரேக்கு அடிக்கடி போய் முக்குகிறது, சிறுநீர் வரவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது, கத்துகிறது என்றால் "புது மணல் பிடிக்கலை போல" என்று காத்திருக்காதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகும். இரவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பெட்டைப் பூனைக்கு அடைப்பு அரிது; ஆனால் சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, டிரேக்குப் போய்ப் போய் வந்தாலோ மணல் மாற்றத்தை நிறுத்திவிட்டு முதலில் காட்டுங்கள். வலியோடு போன டிரேயைப் பூனை வெறுத்துவிடும். அந்தப் பழி மணல் மேல் விழும்.

டிரேயைக் கழுவுவதில் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. எதற்கெடுத்தாலும் ஃபினாயில். ஃபீனால் வகைக் கிருமிநாசினிகளைப் பூனையின் கல்லீரலால் சரியாக வெளியேற்ற முடியாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே உடம்புக்கு ஆகாது. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், பூனைச் சிறுநீரில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கிற வாயு கிளம்பும். வெந்நீர், வாசனை இல்லாத சோப்பு, பிறகு வெயிலில் காயவைப்பது. இது போதும்.

புது மணலுக்குப் பூனை பழகுகிற வரையில் பழைய மணலின் தூசியையாவது குறைக்கலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கொட்டுங்கள். பையின் வாயை டிரேக்குள் தாழ்த்தி மெதுவாகச் சரியவிடுங்கள். பையின் அடியில் மிஞ்சுகிற கடைசிப் பிடியில்தான் நொறுங்கிய தூள் எல்லாம் சேர்ந்திருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மொட்டைமாடியோ பால்கனியோ இருந்தால் அங்கே சல்லடையில் ஒரு முறை சலித்து எடுத்து வரலாம். சலிப்பவர் மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும்; கொரோனா காலத்தில் வாங்கியது இன்னும் அலமாரியில் கிடக்கும். கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டில் டிரே வேலையை வேறு யாராவது செய்யட்டும், தினமும் செய்யட்டும். கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளிவந்து, தொற்றும் நிலையை அடைய ஒன்றிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். தினமும் அள்ளிவிட்டால் அதற்கு அவகாசம் கிடைக்காது. நான்கு மாதத்துக்குள் இருக்கும் குட்டிகள் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் என்பதால், கட்டிபிடிக்கும் களிமண் அவற்றுக்கு வேண்டாம்.

டோஃபு மணலை டாய்லெட்டில் போட்டு ஃபிளஷ் செய்யலாம் என்று பையில் எழுதியிருப்பார்கள். நம் அடுக்குமாடிக் குழாய்களையும் செப்டிக் டேங்கையும் நம்பி அதைச் செய்யாதீர்கள். களிமண் மணலை நினைத்தும் பார்க்காதீர்கள், குழாய்க்குள்ளேயே ஊதி அடைத்துக்கொள்ளும். பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள்.

எதற்கும் மசியாத பூனைகளும் உண்டு, குறிப்பாக வயதானவை. பத்து வருடமாக ஒரே மணலில் போன பூனை, டோஃபுவைப் பார்த்தால் டிரேயையே விட்டுவிடும். அந்தப் பூனைக்கு ஆஸ்துமா இல்லை, வீட்டில் யாருக்கும் இழுப்பு இல்லை என்றால் அதைக் கட்டாயப்படுத்த மாட்டேன். பெண்டோனைட்டிலேயே பெரிய குருணை, சலித்த ரகம் கிடைக்கிறது. பாட்டில் குலுக்கலில் தேறுகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூடி இல்லாத அகலமான டிரேயில் போட்டு, காற்றோட்டமுள்ள பால்கனியில் வலைக்குள் வைத்துவிடலாம். மூடி போட்ட டிரே நமக்கு நாற்றத்தை மறைக்கும், உள்ளே இருக்கிற பூனைக்கோ தூசியைச் சேர்த்து வைக்கும். ஆஸ்துமா இருக்கிற பூனை என்றால் மட்டும், எத்தனை மாதம் ஆனாலும் கலக்கிற முறையில் கால் கால் பங்காக முயன்றுகொண்டே இருங்கள். முக்கால் பங்கு வரை வந்து அதற்கு மேல் நகர மறுத்தால், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். தூசியில் பெரும்பகுதி அதற்குள் குறைந்திருக்கும்.

வணக்கம்.