உதவித்தொகை வாங்கும் மாணவர் எங்கே சறுக்குகிறார்?

[திரையில்: 7.5, 7.5, 7.5, 7.5, 0]

ஐந்து பாடம், தலா 4 கிரெடிட். நான்கில் பத்துக்கு 7.5 கிரேடு பாயின்ட் எடுத்த மாணவி ஐந்தாவதில் ஃபெயில். ஃபெயிலான தாளுக்குப் பூஜ்யம் போடும் பல்கலைக்கழகமாக இருந்தால், அவர் சராசரி 6. உதவித்தொகை தொடர மொத்தச் சராசரி 7 வேண்டும் என்றால், அடுத்த செமஸ்டரில் அதே அளவு கிரெடிட்டுக்கு 8 எடுத்தாக வேண்டும். கவிழ்த்தது ஒரே ஒரு தாள்.

[திரையில்: வார அட்டவணை]

அந்தத் தாள் ஏன் போனது? உதவித்தொகை பல நேரங்களில் கல்லூரிக் கட்டணத்தோடு நின்றுவிடுகிறது. வாடகை, சாப்பாடு, பஸ், புத்தகம் எல்லாம் கைக்காசு. வர வேண்டிய பணமும் தாமதமானால் பகுதிநேர வேலைதான் வழி. வகுப்பு 20 மணி நேரம், வேலை 20, பயணம் 10. ராத்திரி மிஞ்சும் நேரத்தில், தூக்கக் கலக்கத்தோடு நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். படித்தது போலவே இருக்கும், தேர்வில் வராது.

உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஐந்து நிமிடத்தில் கேட்டால் மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஆகவே நேரமே இல்லாத நாளிலும் நோட்டை மூடிவிட்டு, நினைவில் இருப்பதைப் பத்து நிமிடம் எழுதுங்கள். விட்டுப்போனதை மட்டும் திறந்து படியுங்கள்.

[திரையில்: காலண்டர்]

முதல் இன்டர்னல் மதிப்பெண் வந்ததுமே முடிவெடுங்கள், கடைசித் தேர்வு வரை காத்திருக்காதீர்கள். ஒரு தாளைக் கைவிட அனுமதி உண்டென்றால், அதற்கான கடைசித் தேதியைப் பாருங்கள். கூடவே, கைவிட்ட பிறகு மிஞ்சும் கிரெடிட் உதவித்தொகையின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகிறதா என்றும் பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆசிரியரிடம் போகும்போது, கணக்கில் எந்த வரியில் நின்றுவிட்டீர்களோ அந்தத் தாளையே கொண்டுபோங்கள். "எதுவுமே புரியல சார்" என்றால் அவரால் எங்கிருந்தும் தொடங்க முடியாது.

இனி, உதவித்தொகை தரும் நிர்வாகங்களுக்கு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் தொடங்கிய ஏசாப் (ASAP) என்ற மாணவர் உதவித் திட்டம், கட்டணத்தோடு புத்தகச் செலவு, பயண அட்டை, அடிக்கடி ஆலோசகர் சந்திப்பு எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்தது. மூன்று ஆண்டில் பட்டம் முடித்தவர்களின் விகிதம் கிட்டத்தட்ட இரு மடங்கானது. அந்த அளவுக்கு நிதி இல்லையென்றால், பணத்தை செமஸ்டரின் முதல் வாரத்திலேயே கொடுங்கள். ஒரு செமஸ்டர் சரிந்தவுடன் உதவியை நிறுத்தாமல், இன்னொரு செமஸ்டர் அவகாசம் தாருங்கள்.