மூச்சு வாங்குகிறவர்கள் மெலியக்கூடாது

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபம் ஒன்றில், தோட்டத்து மூத்தவர்களிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லாருக்கும் வணக்கம். மூச்சு மருந்தை வாய்வழியே இழுக்கிற பம்ப்பை எப்படி அடிப்பது என்று உங்களுக்குக் கிளினிக்கில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அதனால் அதை விட்டுவிட்டு நேரே சாப்பாட்டுக்கு வருகிறேன். மூச்சு நோய்க்கும் சோற்றுத் தட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்கிறார்கள். நிறையவே இருக்கிறது, அதை யாரும் உட்கார்ந்து நிதானமாகச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சிஓபிடி என்று டாக்டர் அட்டையில் எழுதுகிற இந்த நாட்பட்ட நுரையீரல் நோய் பெரும்பாலும் சிகரெட்டால் வருவது. ஆனால் நம் அம்மாக்கள், பாட்டிகள் சிகரெட்டைத் தொட்டதே இல்லை, லயத்து வீட்டுக் குசினியில் வருஷக்கணக்கில் விறகடுப்புப் புகைக்கு நடுவில் நின்று சமைத்தார்கள், அவர்களுக்கும் இது வருகிறது. முன்பு காசநோய் வந்து குணமானவர்களுக்கும் வரலாம்.

சரி, ஏன் மெலிகிறார்கள்? நல்ல நுரையீரல் உள்ளவருக்குத் தான் மூச்சு விடுவதே தெரியாது, அதற்கு உடம்பு செலவழிக்கிற சக்தி அவ்வளவு கொஞ்சம். நோய் முற்றியவருக்கு அதே வேலைக்குப் பல மடங்கு சக்தி போகிறது. காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் இவர்களுக்குச் சிரமம், பழைய காற்று நெஞ்சுக்குள்ளேயே தங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்து மூச்சை இழுக்கிற உதரவிதானம் என்ற தசை தட்டையாகிக் கிடக்கும், கழுத்துத் தசையும் தோள் தசையும் சேர்ந்து இழுத்தால்தான் அடுத்த மூச்சு. சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அப்பா ஏன் இப்படி வற்றிப்போகிறார் என்று வீட்டில் கேட்பார்கள். அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை ஐயா, நாள் முழுக்க வேலை செய்துகொண்டிருக்கிறார்.

அப்புறம் சாப்பிட உட்கார்ந்தால், ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் மூச்சு ஒரு கணம் நிற்கிறது, நாலு வாய்க்குள் களைத்துவிடுகிறார், வயிறு நிறைந்தால் அது கீழிருந்து உதரவிதானத்தைத் தள்ளுகிறது, போதும் என்று கையைக் கழுவிவிடுகிறார். செலவு கூடி வரவு குறைந்தால் உடம்பு தன் தசையையே கரைத்து எடுக்கும். கால் தசை கரைந்தால் நடை போகும். மூச்சை இழுக்கிற தசையும் அதோடு சேர்ந்து கரைகிறது, பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

நம் ஊரில் யாராவது மெலிந்தால், 'நல்லதுதானே, சர்க்கரை இறங்கும்' என்று சொல்லிவிடுகிறோம். சர்க்கரை நம் மக்களிடம் அதிகம் என்பதால் அந்தப் பேச்சு வருவது புரிகிறது. ஆனால் இந்த நோயில் கணக்கு வேறு. 2004இல் 'போட்' என்ற ஒரு மதிப்பீடு வந்தது, நோயாளியின் நிலை எவ்வளவு ஆபத்தானது என்று பார்ப்பதற்கு. அதில் ஊதிப் பார்க்கிற சோதனை, மூச்சிரைப்பு, 6 நிமிஷத்தில் நடக்கிற தூரம், இவற்றோடு உடல் நிறைக் குறியீட்டையும், அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற கணக்கையும் சேர்த்தார்கள். குறியீடு 21 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்துப் புள்ளி ஒன்று கூடும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது ஏறக்குறைய 54 கிலோ. அந்த எடையுள்ள ஒருவரைப் பார்த்து நாம் யாரும் நோயாளி என்று சொல்ல மாட்டோம், கவனியுங்கள்.

முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை இறங்கினால், அதாவது 60 கிலோ இருந்தவருக்கு 3 கிலோ போனால், சிலுவார் இடுப்பில் நிற்கவில்லை என்று புது பெல்ட் வாங்குவதோடு விட்டுவிடாதீர்கள், கிளினிக்குக்குப் போங்கள். எல்லா மெலிவையும் பழைய மூச்சு நோயின் தலையில் கட்டிவிடவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், இரவில் வியர்வை, சளியில் இரத்தம், இவற்றோடு எடையும் இறங்கினால் காசநோயும் இருக்கலாம், புற்றுநோயும் இருக்கலாம். சளியைச் சோதித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

இனி தட்டுக்கு வருவோம். மெலிந்த நோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பது பொதுவான கணக்கு. 50 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். நம் பெரியவர்கள் சாப்பிடுவது என்ன? காலையில் கோப்பி ஓவும் நாலு பிஸ்கட்டும், மத்தியானம் நிறையச் சோறும் தண்ணியான சாம்பாரும் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு மீனும், இரவில் மறுபடி பிஸ்கட். இதில் பாதிப் புரதம்கூடத் தேறாது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு பெரிய கிளாஸ் பாலில் 8 கிராம், கெம்போங் மீனின் சதை 100 கிராமில் கிட்டத்தட்ட 20, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்கிற தெம்பேயிலும் ஏறக்குறைய அவ்வளவு. சத்துப் பவுடர் டின் வாங்க முடியவில்லை என்று வருத்தப்படாதீர்கள், தெம்பேயும் முட்டையும் நம் கடையிலேயே இருக்கின்றன. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

உடம்பு முடியாதவருக்குக் கஞ்சி என்பது நம் வழக்கம். கொடுங்கள், ஆனால் வெறும் கஞ்சி பெரும்பாலும் தண்ணீர்தான், வயிறு நிறையும், சக்தி வராது. அதில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றுங்கள், ஒரு கரண்டி நல்லெண்ணெய் விடுங்கள், நெத்திலியை நன்றாகக் கழுவி வறுத்துப் பொடித்துப் போடுங்கள். பாலில் வாழைப்பழமும் வறுத்த கச்சானும் (நிலக்கடலை) போட்டு அரைத்துக் கொடுத்தால் நல்ல சத்துப் பானம். பால் சளி கட்டும் என்று பயப்படுகிறீர்கள், தெரியும். குடித்தபின் தொண்டையில் கொஞ்சம் கெட்டியாகத் தோன்றலாம், ஆனால் பால் நுரையீரலில் கூடுதல் சளியை உண்டாக்குவதில்லை.

மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதைவிட ஐந்தாறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது இவர்களுக்கு நல்லது. பலருக்குக் காலையில்தான் தெம்பு அதிகம், அதனால் பசியாறும் நேரத்திலேயே நல்ல சாப்பாடாகக் கொடுத்துவிடுங்கள். குளித்த களைப்போடு உடனே உட்காராமல் சற்று ஓய்வெடுத்து, மூச்சுக் குழலை விரிக்கிற பம்ப் இருந்தால் டாக்டர் சொன்னபடி அதை முன்னாலேயே அடித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தண்ணீரைச் சாப்பாட்டுக்கு இடையில் குடிக்காமல் பிறகு குடிக்கலாம். கேஸ் பானம் வயிற்றை ஊதவைத்து மூச்சை இன்னும் முட்டும். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் சாப்பிடும்போதும் அதைப் போட்டிருக்க வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கமோ சாமி விளக்குப் பக்கமோ தயவுசெய்து போகவே போகாதீர்கள், தீ பிடித்துவிடும்.

புரட்டாசி வருகிறது, தைப்பூச விரதம் வருகிறது. விரதம் இருக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சைவமாக இருங்கள், ஆனால் ஒரு பொழுது மட்டும் சாப்பிடுவதை இந்த நோயுள்ளவர்கள் விட்டுவிடுங்கள். மீன் போன இடத்தில் தெம்பே, தோஃபு, கெட்டிப் பருப்பு, தயிர் வரவேண்டும். சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டு ஒரு மாதம் ஓட்டினால் போன தசையைத் திரும்பப் பிடிப்பது பெரும் பாடு.

குண்டாக இருக்கிறவர்கள் எனக்கு இது இல்லை என்று எழுந்துவிட வேண்டாம். வயிற்றுக் கொழுப்பும் உதரவிதானத்தை அழுத்துகிறது, எடை குறைந்தால் படியேறுவது இலேசாகும். ஆனால் பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். முதலில் கட்டிப்பால் போட்ட தே தாரிக்கை, இனிப்புப் பானத்தை, இரவு ரொட்டி சானாயைக் குறையுங்கள், புரதத்தைக் குறைக்காதீர்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருகிற சின்னப் பயிற்சியைத் தினமும் முடிந்த அளவு செய்யுங்கள். மெலிந்தவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன், உடம்பை அசைக்காமல் வெறுமனே சாப்பிட்டால் தசை வளராது.

ஸ்டீராய்டு மாத்திரை அடிக்கடி சாப்பிடுகிறவர்களுக்குப் பசி கூடும், சர்க்கரை ஏறும், எலும்பும் மெலியும், அதனால் பாலும் முள்ளோடு தின்கிற சின்ன மீனும் அவசியம். ஸ்டீராய்டு பம்ப் அடித்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கில் வெள்ளை படிந்து சாப்பாடே ருசிக்காது. இரண்டு மூன்று நாளில் எடை கிடுகிடுவென ஏறி, கால் வீங்கினால் அது சதை இல்லை, நீர். அன்றே டாக்டரைப் பாருங்கள், உப்பு மிகுந்த கருவாடு, ஊறுகாய், பாக்கெட் மீ (நூடல்ஸ்) எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள்.

பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மாதம் ஒருமுறை அப்பா அம்மாவின் எடையைப் பார்த்து வீட்டு நாட்காட்டியில் எழுதி வையுங்கள், அடுத்த தவணைக்குப் போகும்போது அதை டாக்டரிடம் காட்டி, உணவியல் நிபுணரைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள். நீங்கள் கேட்கவில்லை என்றால் அந்த அவசரத்தில் அவர்களுக்கும் தோன்றாமல் போகலாம்.

இனி உங்கள் கேள்விகள். மூச்சு வாங்குகிறவர்கள் எழுந்து வர வேண்டாம், கையை மட்டும் தூக்குங்கள், மைக்கை நாங்களே கொண்டு வருகிறோம்.